நாலாயிரத்துக்கு மேல் உபசாரம் கிடையாது

எங்கள் ஈரானில் அம்மணி என்பதற்குக் கானும் என்போம். தூரான் கானும் தமாவந்த் மலையில் ஏழு முறை ஏறியவர். உச்சியை ஒரு முறைகூட மிதித்ததில்லை. இதைச் சொன்னால் வெளியாட்கள் "ஐயோ பாவம்" என்பார்கள். பாவம் ஒன்றுமில்லை. அவர் வேலை அப்படி.

எங்கள் மில் மலையேற்றக் குழுவில் மூன்று பொறுப்புகள். முன்னால் நடப்பவர் முன்னோடி. வழியும் வேகமும் அவர் கையில். தலைவர் என்று ஒருவர். இருபது வருடமாக அது நான். கடைசியில் நடப்பவர் பின்காவல். முன்னோடியைத் தாண்டி யாரும் போகக் கூடாது, பின்காவலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் பின்காவல்தான் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். தூரான் பத்தொன்பது வருடம் பின்காவல். தமாவந்தில் ஏழு முறையும் யாருக்காவது முடியாமல் போனது. ஐயாயிரத்து அறுநூறு மீட்டர் மலை. முடியாமல் போகத்தான் செய்யும்.

அவர் பிறந்தது நெல் வயல்காட்டில். பத்தொன்பது வயதில் மில்லுக்கு வந்தார், ஸ்பின்னிங்கில் போட்டார்கள். இரண்டு பக்கமும் நானூறு கதிர் ஓடும், நடுவே எட்டு மணி நேரம் நடை. அறுந்த இழையைக் கண்டுபிடி, ஒட்டு, நட. அந்த இரைச்சலில் காது உதவாது, கண்தான். நானூறில் ஒரு கதிர் ஆடும் விதம் மட்டும் மாறும். தூரான் நின்று பார்க்க மாட்டார். நடந்துகொண்டே கை அங்கே போய்விடும். இருபத்தேழு வருடம் இப்படி.

மில்லில் பத்துப் பேர் சேர்ந்து நின்றால் என்ன கூட்டம் என்று கேட்பார்கள். மலையில் நாற்பது பேர் ஏறினால் உடற்பயிற்சி என்று விட்டுவிடுவார்கள். குழு ஆரம்பித்த காரணம் அதுதான், மறைக்க என்ன இருக்கிறது. தூரானுக்குக் கூட்டம், தீர்மானம், துண்டறிக்கை எதிலும் நாட்டமில்லை. என் துண்டறிக்கையை மடித்து அதில் மிச்ச நூலைச் சுற்றி வைப்பார், என் கண் முன்னாலேயே. மலைக்கு மட்டும் வந்தார்.

முதல் முறை வயலுக்குப் போடும் ரப்பர் செருப்போடு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள். வழுக்கி வழுக்கிக் கடைசிக்குப் போய்விட்டார். சாயங்காலம் இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"தலைவரே, முன்னால போறவங்க உச்சியப் பாத்துக்கிட்டுப் போறாங்க. பின்னால நாலு பேரு அழுதுகிட்டு வர்றாங்க. அத யாரு பாக்கறது?"

"நீங்க பாருங்களேன்" என்றேன். வாயை அடைக்கத்தான் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இப்போது எங்கள் ஆட்களின் நோய் ஒன்றைச் சொல்ல வேண்டும். உபசாரம். டாக்ஸிக்காரர் "காசெல்லாம் எதுக்கு, விடுங்க" என்பார். கொடுக்காமல் இறங்கிப் பாருங்கள். தேநீர் நீட்டினால் மூன்று முறை வேண்டாம் என்போம், நாலாவது முறை வாங்குவோம். வாசலில் இரண்டு பேர் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று நிற்பதற்குள் உள்ளே சோறு ஆறிப்போகும். சமவெளியில் இது அழகு. மலையில் இது ஆளைக் கொன்றுவிடும்.

தூரான் முதல் தடவை தமாவந்த் ஏறியபோது பள்ளிக்கூட ஆசிரியை மெஹ்ரங்கீஸ் கூட வந்திருந்தாள். ஐயாயிரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இப்படியே கொஞ்சம் உக்காந்து வெயில் காயறேன், நீ போய்ட்டு வா" என்றாள். தூரான் மறுத்தார். மூன்று முறை மறுத்தார். நாலாவது முறை, நம் வழக்கப்படி, நம்பிவிட்டார். காற்று கிளம்பி, உச்சிக்கு முன்பே எல்லாரையும் நான் திருப்பிக்கொண்டு வரும்போது மெஹ்ரங்கீஸ் பனியில் சாய்ந்து கிடந்தாள், ஒரு காலில் பூட்ஸ் இல்லை. குளிரில் மரத்துப்போய், சூடாக இருக்கிறது என்று அவளே கழற்றியிருக்கிறாள். உயிர் பிழைத்தாள். மூன்று கால்விரல் போயிற்று. இன்றைக்கும் தூரானைப் பார்த்தால், "என் விரலெல்லாம் சௌக்கியமான்னு மலைகிட்ட கேட்டியாடி?" என்பாள். அந்த வாரமே தூரான் குழுவில் ஒரு விதியைக் கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் கொண்டு வந்த ஒரே தீர்மானம்: நாலாயிரம் மீட்டருக்கு மேல் உபசாரம் கிடையாது. ஒருமனதாக நிறைவேறியது. என் தீர்மானம் எதுவும் அப்படி நிறைவேறியதில்லை.

அதன் பிறகு ஆறு முறை யாரையும் நம்பவில்லை. கூடவே இறங்கினார். ஸ்பின்னிங் பெண்கள் கேட்பார்கள், "உச்சியில என்னடி இருக்கு தூரான்?" தூரான் சொல்வார், "போனவளக் கேளு." கேட்டதைத் தான் பார்த்ததுபோல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

போன வசந்தத்தில் முழங்கால் டாக்டர் தேதி குறித்துவிட்டார். இலையுதிர் காலத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு மலை வேண்டாம், மாடிப்படிகூட யோசித்து ஏறுங்கள் என்று சொல்லிவிட்டார். தூரானுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஆகவே குழுவைக் கூட்டினேன். இந்தக் கோடையில் தமாவந்த். தூரான் கானும் பின்காவல் இல்லை. முன்னோடிக்கு அடுத்த ஆள். கை தூக்கச் சொன்னேன், எல்லாக் கையும் எழுந்தது. தூரான் கை மட்டும் மடியில்.

"அப்போ பின்னால யாரு?"

"பஹாதோர்."

பஹாதோர் மினிபஸ் ஓட்டுகிறவன், நாற்பத்திரண்டு வயது, மாடு மாதிரி உடம்பு, தங்கமான மனசு.

"அவன் யாரு என்ன சொன்னாலும் நம்பிடுவானே" என்றார் தூரான்.

"நம்பறது நல்ல குணம்தானே கானும்?" என்றான் பஹாதோர்.

"ரோட்டுல நல்ல குணம்."

ஆனாலும் சம்மதித்தார். அவருக்கு ஆசை இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. "இந்தத் தடவ நான் மேல போறேன், யாரும் சாகாதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

பத்தொன்பது பேர் கிளம்பினோம். அந்தப் பத்தொன்பதில் ஒருவர் கஸ்ராயி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இன்ஜினியர் என்றால் எங்கள் ஊரில் மொஹந்தெஸ், அதுவே பெயர். மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர். காலை ஏழுக்கு கேட்டைச் சாத்துவார். ஏழு ஒன்றுக்கு வந்தால் வெளியே. தூரானே மூன்று முறை மழையில் நின்றிருக்கிறார். ஆனால் மொஹந்தெஸ் கேட் கம்பிக்கு உள்ளே நின்று, "உங்க பாதம் என் கண்ணு மேல கானும், நாளைக்கு அவசியம் வாங்க" என்பார். நாங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வாசலில் உட்கார்ந்த எங்களுக்குத் தட்டு நிறையத் தேநீர் அனுப்பினார். அவ்வளவு மரியாதை. ஒரு கோரிக்கையும் தரவில்லை. ரிட்டயர் ஆன பிறகு மலைக்கு வர ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். விதியில் இடமில்லை.

முதல் நாள் மசூதி முகாம், மூவாயிரம் மீட்டர். மறுநாள் கோவேறு கழுதைகள் மூட்டையைச் சுமக்க, மூன்றாம் முகாம் என்று பெயர் கொண்ட இடம், நாலாயிரத்து இருநூறு. மூன்றாம் நாள் வெளுக்கும்போது நடை. மதியம் ஒரு மணிக்கு யார் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். அதற்கு மேல் மேகமும் கந்தகப் புகையும் உச்சியைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் விதி.

தூரான் முன்னோடிக்குப் பின்னால் நடந்தார். நடந்தாரா? ஐம்பது அடிக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். முன்னோடி சலித்துப் போய், "கானும், உச்சி இந்தப் பக்கம்" என்றாள்.

"தெரியும்டி. அது ஓடிப் போகாது."

பத்தே கால் மணிக்கு உறைந்த அருவிக்குக் கீழே, ஐயாயிரத்து நூறில், பாறையை ஒட்டி உட்கார்ந்தோம். பேரீச்சம்பழமும் வால்நட்டும் கை மாறின. வரிசையின் அடியில் மொஹந்தெஸ், அவருக்குப் பின்னால் பஹாதோர். காற்று கீழேயிருந்து மேலே அடித்ததால் அவர்கள் பேச்சு எங்களுக்குக் கேட்டது.

"மொஹந்தெஸ், எப்படி இருக்கீங்க?"

"உங்க தயவுல ரொம்ப நல்லா இருக்கேன் பஹாதோர் ஜான். உங்க கை நோகாம இருக்கணும். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு? நீங்க முன்னால போங்க, நான் மெதுவா வந்துடறேன்."

"நெசமாவா? தலவலி கிலவலி?"

"உங்க தலைக்கு நான் பலியாகறேன், ஒண்ணுமே இல்ல."

"சத்தியமா?"

"நீங்க போங்க, நீங்க போங்க."

மூன்று முறை கேட்டாகிவிட்டது. பஹாதோர் தலையாட்டிவிட்டுத் தன் பையைத் திறந்தான்.

தூரான் கையிலிருந்த வால்நட்டை முன்னோடியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"எங்க?" என்றேன்.

"இந்த ஒசரத்துல நல்லா இருக்கிறவன் 'ம்'ம்பான். இல்ல கெட்ட வார்த்தை சொல்வான். மூச்சு இருக்கிறதே அவ்வளவுதான். இந்த மனுஷன் கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி பேசறாரு."

இறங்கிப் போய் மொஹந்தெஸ் எதிரே குந்தினார். எப்படி இருக்கீங்க என்று கேட்கவே இல்லை.

"பூட்ஸ் கயிறு அவுந்திருக்கு. கட்டுங்க."

மொஹந்தெஸ் சிரித்துக்கொண்டே குனிந்தார். விரல்கள் கயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் எதையோ பிடித்தன. மறுபடி பிடித்தன. கயிறு அங்கேயே கிடந்தது.

"இந்தக் கயிறு... உங்களுக்குப் பலியாகட்டும் கானும்" என்றார்.

பஹாதோர் பையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். "நான் மூணு தடவ கேட்டேன் கானும். மூணு தடவ."

"கேட்டே. நானும் ஒருத்திகிட்ட மூணு தடவ கேட்டவதான்."

அதற்குள் நானும் இறங்கிப் போய்விட்டேன். தலைவன் என்ற முறையில் பேசினேன். "விதிப்படி பின்காவல் பஹாதோர். பஹாதோர் இறக்கட்டும். தூரான் கானும், நீங்க மேல வாங்க. இது உத்தரவு."

"உத்தரவ மடிச்சு வைங்க தலைவரே, நூல் சுத்த ஆகும்" என்றார் திரும்பாமலே.

பிறகு மொஹந்தெஸின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முகத்துக்கு நேராகப் பேசினார்.

"கேளுங்க. நீங்க கீழ போகணும். அதுல பேச்சு இல்ல. யாரோட போறீங்கங்கறதுதான் பேச்சு. நீங்க இப்படியே தொந்தரவு வேண்டாம், தயவு, பலின்னு பேசிக்கிட்டே போனா, நூறு அடி இறங்கினதும் 'நான் இங்க உக்காந்துக்கறேன், நீ போய் உச்சியப் பாத்துட்டு வா'ம்பீங்க. இவன் மூணு தடவ மறுப்பான். நாலாவது தடவ போயிடுவான். நல்லவன். அதனால நான் வரணும். எட்டாவது தடவயா இறங்குவேன், எனக்கொண்ணும் வழி மறந்துடல. ஆனா நீங்க நேராப் பேசிட்டீங்கன்னா இவன் போதும். நான் மேல போகலாம். உங்க வாயிலதான் இருக்கு. மணி பத்தரை. சொல்லுங்க."

நாற்பது வருடம் கம்பிக்குப் பின்னால் நின்றுகூட ஒரு நேரான வார்த்தை சொல்லாத மனிதர். வேலைநிறுத்தத்தில் பதினெட்டு நாள் அவரிடமிருந்து ஒரு "முடியாது" வாங்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். இந்தப் பெண் ஐயாயிரத்து நூறில் வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நடக்காது என்றும் நினைத்தேன்.

மொஹந்தெஸ் வாயைத் திறந்தார். "உங்க பாதம்..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார்.

"தல வெடிக்குது" என்றார். "ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். யாரும் பாக்கறதுக்குள்ள பனியத் தள்ளி மூடிட்டேன். உன் மூஞ்சி எனக்கு ரெண்டாத் தெரியுது. பயமா இருக்கு. என்னால ஆகாது. டேய் பஹாதோர், என்னக் கீழ கூட்டிட்டுப் போடா."

"ரெண்டு மூஞ்சியில எது அழகு?" என்றார் தூரான்.

"எழவு, ரெண்டும் ஒண்ணுதான்."

"இப்பதான் மனுஷன் பேசற மாதிரி இருக்கு." தூரான் எழுந்தார். "பஹாதோர், பெல்ட்டப் பிடி. கையப் பிடிக்காதே, பெல்ட்டு. முகாம் வர்ற வரைக்கும் விடாதே."

"வழியில மறுபடி மரியாதையாப் பேச ஆரம்பிச்சா?"

"அப்போ இன்னும் வேகமா இறக்கு."

அந்த நேரத்துக்குத் தப்ரீஸ் ஊர்க் குழு ஒன்று, விடியலுக்கு முன்பே ஏறியவர்கள், மேலேயிருந்து வந்தது. மலையில் எதிரே வருகிறவருக்குச் சொல்வதை அவர்களும் சொன்னார்கள்: "களைச்சுப் போகாதீங்க!" விஷயத்தைச் சொன்னோம். அவர்களில் இரண்டு பேர் முன்னால், பஹாதோர் பின்னால், நடுவில் மொஹந்தெஸ். நால்வரும் சரளைச் சரிவில் இறங்கினார்கள். தூரான் அவர்கள் வளைவு திரும்பும்வரை பார்த்தார். அப்புறம் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"உங்க இடம் முன்னால" என்றேன்.

"பின்காவல் இறங்கிட்டான். பின்னால யாரு, நீங்களா? நீங்க பேசிக்கிட்டே நடப்பீங்க, ரெண்டு பேரத் தொலைச்சுட்டு மூணாவது ஆளுக்கு அரசியல் சொல்வீங்க."

நடந்தோம்.

இருபது நிமிடம் போயிருந்தது. அது மேலே பெரிய தொகை. அருவியைத் தாண்டிய பிறகு பத்து அடிக்கு ஒரு நிறுத்தம். மஞ்சள் கந்தக மேட்டில் காற்று திரும்பி முகத்தில் அடித்தது. ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு இருமினோம். பின்னால் தூரானின் குரல் மட்டும் ஒரே அளவில் வந்தது. "மூச்சு. அடி. மூச்சு. அடி. யாரும் தைரியம் காட்ட வேண்டாம், நடந்தாப் போதும்." அவருடைய முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டேன்.

"வலிக்குதா?"

"ம்" என்றார். அந்த ஒரு எழுத்து எனக்குப் போதுமாக இருந்தது. மூன்று வாக்கியம் பேசியிருந்தால் திருப்பியிருப்பேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு உச்சிப் பாறை தெரிந்தது. பத்து அடி. அங்கே என் குழு செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முன்னோடி நின்றாள். ஒதுங்கினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர் ஒதுங்கினார். பதினாறு பேரும், நான் உட்பட, வழிவிட்டு இரண்டு பக்கமும் நின்றோம்.

"தூரான் கானும், நீங்க முதல்ல."

"நீங்க மிதிச்ச பிறகுதான் நாங்க."

"உங்க பாதம் எங்க கண்ணு மேல!"

கந்தகப் புகையில், ஐயாயிரத்து அறுநூறு மீட்டரில், கல்யாண வீட்டு வாசல்.

தூரான் தடியை ஊன்றி நின்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "நாலாயிரத்துக்கு மேல என்ன விதி?"



"இது உபசாரம் இல்ல கானும், மரியாதை" என்று நான்தான் இழுத்தேன்.

"ரெண்டுலயும் ஆளு குளிருல நிக்கிறான். நான் பின்காவல். உங்கள எண்ணணும். நீங்க கலைஞ்சு நின்னா எப்படி எண்ணறது? ஏறுங்க. ஒவ்வொருத்தரா. வாயத் தொறக்காம."

ஏறினோம். ஒவ்வொரு தலைக்கும் தடியால் காற்றில் ஒரு புள்ளி வைத்தார். ஒன்று, இரண்டு. என் தலைக்குப் பதினாறு. கீழே திரும்பி, வழியில் எவரும் இல்லை என்று பார்த்தார். பிறகு, "பதினேழு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உச்சியை மிதித்தார்.

கைதட்டினோம், கத்தினோம், முன்னோடி அழுதாள். தூரான் அழவில்லை. உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"சூடா இருக்கு" என்றார். "இத்தன வருஷத்துல ஒருத்தனும் சொல்லலையே. கல்லு சூடா இருக்கு."

உண்மைதான். கீழே நெருப்பு உள்ள மலை. நாங்கள் யாரும் கையுறையைக் கழற்றியதில்லை. படம் எடுப்பதில் இருப்போம். வடக்கே மேகம் கடல்போல் கிடந்தது, அதற்கு அடியில் எங்கோ எங்கள் நெல் வயலும் மில்லும். தூரான் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் பார்த்தார். பையில் கை விட்டார், வால்நட்டை எடுக்க. அதை முன்னோடியிடம் கொடுத்தது ஞாபகம் வந்தது. முன்னோடி திருப்பிக் கொடுத்தாள். தின்றார்.

"ஒரு மணி. எந்திரிங்க. சாவறவங்கள்ல பாதிப் பேரு இறக்கத்துலதான்."

மூன்றாம் முகாமுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பஹாதோர் வாசலில் நின்றான். மொஹந்தெஸைப் பார்த்த முகாம் டாக்டர், ஆக்சிஜன் கொடுத்து, இன்றே இன்னும் கீழே இறக்குங்கள் என்றிருந்தார். எங்களைக் காணாமல் இறங்க மாட்டேன் என்று மொஹந்தெஸ் பிடிவாதம். கோவேறு கழுதைமேல் உட்கார வைத்துத் தயாராக இருந்தார்கள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

தூரானைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தார். "கானும்! உங்க பாதம் என் கண்ணு..."

"இது நாலாயிரத்து இருநூறு மொஹந்தெஸ்" என்றார் தூரான். "இன்னும் இருநூறு இறங்கணும். கழுதைய ஓட்டுங்கப்பா."

கழுதைக்காரனே சிரித்துவிட்டான். மொஹந்தெஸ் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை மசூதி முகாமில், மூவாயிரத்தில், எங்களுக்காகக் காத்திருந்தார். பூட்ஸ் கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்தது, இரட்டை முடிச்சு. அடக்கி வைத்திருந்த உபசாரமெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது: பாதம், கண், கை, தலை, பலி, ஏழு தலைமுறைக்கும் நன்றி. கேட்டைப் பற்றியும் ஏதோ சொன்னார், மழையைப் பற்றி. அதை மெதுவாகச் சொன்னார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. தூரான் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு மொஹந்தெஸ் கேட்டார், "உச்சியில என்ன இருந்துச்சு கானும்?"

தூரான் போனவளைக் கேளு என்று சொல்லவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"சூடான கல்லு. அழுகின முட்ட நாத்தம். வழிய மறிச்சுக்கிட்டுப் பதினாறு முட்டாளுங்க" என்றார். "நல்லா இருந்துச்சு."

மொஹந்தெஸ் தன் கையாலேயே தேநீர் ஊற்றி நீட்டினார். தூரான் வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினார், ஐயோ வேண்டாம் என்றார். மூன்றாவது முறை, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு என்றார். நாலாவது முறை வாங்கிக் குடித்தார்.